கண் திறந்தால் போதுமா?



17ஆம் நூற்றாண்டின் கடைசியில் டப்ளின் நகரத்தில் வில்லியம் மாலினியூ என்றொரு அறிஞர் வாழ்ந்தார். ஒளியியலில் நூல் எழுதியவர். அவருடைய மனைவி லூசி திருமணமான சில மாதங்களிலேயே பார்வையை இழந்தார். அந்தத் துயரம்தான் தூண்டியதோ என்னவோ, 1688இல் மாலினியூ தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. 1693இல் அதே கேள்வியை மறுபடியும் எழுதினார். இம்முறை லாக் அதைத் தம் புகழ்பெற்ற நூலின் இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துவிட்டார்.

கேள்வி எளிமையானது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், கனசதுரத்தையும் கோளத்தையும் கையால் தொட்டு வேறுபாடு அறிந்து வளர்கிறார். ஒருநாள் அவருக்குப் பார்வை கிடைக்கிறது. இரண்டையும் மேசைமேல் வைத்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது கனசதுரம், எது கோளம் என்று சொல்லிவிடுவாரா?

லாக் 'மாட்டார்' என்றார். கேள்வி கேட்ட மாலினியூவும் அப்படியே நினைத்தார். ஜெர்மனியின் லைப்னிட்ஸ் 'முடியும்' என்றார்: எதிரில் இருப்பவை அந்த இரண்டும்தான் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் வாதம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தத்துவவாதிகள் இதைத் திருப்பித் திருப்பிப் பேசினார்கள். ஆய்வுக்கூடத்தில் முறையாகச் சோதித்து விடை கண்டது 2011இல்தான். அந்த விடை வந்த ஊர் புது டெல்லி.

விடைக்குப் போகுமுன், வழியில் கிடைத்த சில சாட்சியங்களைப் பார்க்க வேண்டும்.

முதல் சாட்சியம் 1728இல் வந்தது. லண்டனின் அறுவை மருத்துவர் வில்லியம் செசெல்டன், ஏறத்தாழ 13 வயதுச் சிறுவன் ஒருவனின் கண்புரையை அகற்றி, அவன் என்ன பார்த்தான் என்பதை ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். கண்ணெதிரே இருந்த எல்லாப் பொருள்களும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சிறுவன் நினைத்தான். தொடுகிற பொருள் தோலில் ஒட்டியிருப்பதுதானே அவனுக்குத் தெரிந்த உலகம்! பூனை எது, நாய் எது என்று பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டே அதை உற்று நோக்கினான். இனி அடையாளம் தெரியும் என்று அதனிடமே சொல்லி இறக்கிவிட்டான். சுவரில் மாட்டிய ஓவியங்கள் இரண்டு மாதம் வரை அவனுக்கு வெறும் வண்ணத் திட்டுகள். அவற்றில் உருவங்கள் இருப்பது புரிந்த பிறகு கையால் தொட்டுப் பார்த்தான். தட்டையாக இருந்தது. பொய் சொல்வது கண்ணா, கையா என்று கேட்டான்.

அடுத்த சாட்சியம் இங்கிலாந்தில், 230 ஆண்டுகள் கழித்து. மருத்துவ நூல்களில் அவர் எஸ்.பி. என்ற இரண்டு எழுத்துகளால் அறியப்படுகிறார். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வையை இழந்தவர். ஆனாலும் தச்சு வேலை செய்வார், தோட்டம் போடுவார், நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு சைக்கிளும் ஓட்டுவார். 52 வயதில், 1958 டிசம்பரிலும் 1959 ஜனவரியிலுமாக, அவருக்குக் கருவிழி மாற்று அறுவைசிகிச்சை நடந்தது. செய்தியைப் பத்திரிகையில் படித்த உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி, சக ஆய்வாளர் ஜீன் வாலஸுடன் கருவிகளை எடுத்துக்கொண்டு வுல்வர்ஹாம்ப்டன் மருத்துவமனைக்கு விரைந்தார்.

அங்கே கிரெகரிக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. எஸ்.பி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் படித்தார். காரணம் விரைவில் தெரிந்தது. கண்ணாடி மூடி இல்லாத கைக்கடிகாரத்தின் முள்களைத் தடவி மணி பார்ப்பது அவருடைய பல்லாண்டுப் பழக்கம். பள்ளியில் பலகையில் செதுக்கிய பெரிய எழுத்துகளைத் தொட்டுக் கற்றிருந்தார். சிறிய எழுத்துகளை அவருக்கு அப்படி யாரும் கற்றுத்தரவில்லை, அவற்றைக் கண்ணாலும் படிக்க முடியவில்லை. கை அறிந்ததைக் கண்ணும் அறிந்தது. கை அறியாதது கண்ணுக்கும் புதிராகவே நின்றது. பேருந்தை வரையச் சொன்னபோது சக்கரம், ஜன்னல் எல்லாம் வரைந்தார். முன்பக்கத்தை விட்டுவிட்டார். அவர் தொட்டே அறியாத பகுதி அது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிய பிறகு, இப்போது தெரிகிறது என்றார்.

அந்தக் கதையின் முடிவு சோகமானது. பார்வை இல்லாதபோது அஞ்சாமல் சாலையைக் கடந்தவர், பார்வை வந்த பிறகு வாகனங்களைக் கண்டு நடுங்கினார். மாலையில் விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மனம் சோர்ந்து, 1960இல் இறந்தார். பார்வை என்பது கண்ணுக்குள் ஒளி நுழைவதோடு முடிகிற காரியம் அல்ல என்பதை இதைவிட உறைக்கச் சொல்லும் சாட்சியம் குறைவு.

அப்படியென்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

எஸ்.பி.க்கு அறுவைசிகிச்சை நடந்த அதே 1958இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு இளைஞர்கள் பூனையின் மூளையில் நுண்ணிய மின்முனையைச் செருகி, பின்மண்டைப் பகுதியின் ஒற்றை நரம்பணு எதற்குத் துடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் கரும்புள்ளி வைத்துத் திரையில் காட்டினார்கள். அணு சும்மா இருந்தது. சில்லை மாற்றிச் செருகும்போது மட்டும் திடீரென்று படபடவென்று பொரிந்தது. அதைக் கிளப்பிவிட்டது புள்ளி அல்ல. சில்லின் விளிம்பு திரையில் வீழ்த்திய மெல்லிய நிழல்கோடு. அதுவும் குறிப்பிட்ட ஒரு சாய்வில் நகர்ந்தால்தான். ஓர் அணுவுக்குச் செங்குத்துக் கோடு, மற்றொன்றுக்குச் சாய்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு இருந்தது.

அடுத்து அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் ஆழமானது. இந்த அமைப்பு பிறவியிலேயே நிலைத்துவிட்டதா, பார்வை இல்லாமல் போனால் கெடுமா? பிறந்த சில நாள்களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, மூன்று மாதம் போலக் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணால் பூனை எதையும் காணவில்லை. மூளையின் பார்வைப் பகுதியில் ஏறக்குறைய எல்லா அணுக்களும் மற்றக் கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது எந்தக் கெடுதலும் இல்லை. மூளை வளைந்து கொடுக்கும் பருவம் ஒன்று உண்டு, அது கடந்தால் இறுகிவிடும் என்ற கருத்து இப்படித்தான் வேரூன்றியது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1963இல் மற்றுமொரு பூனைக்குட்டிச் சோதனை. ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இருவர் சிறிய குடைராட்டினம் ஒன்றைச் செய்தார்கள். இருட்டில் வளர்ந்த குட்டிகளை இரண்டிரண்டாக அதில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடக்கும். மற்றொன்று தொட்டிலில் உட்கார்ந்து சவாரி போகும். இரண்டின் கண்களிலும் விழும் காட்சி ஒன்றுதான். ஆனால் நடந்த குட்டி ஆழத்தை அறிந்து பள்ளத்தின் ஓரத்தில் கால்வைக்காமல் ஒதுங்கியது; சவாரி போன குட்டிக்கு ஆழமும் மேடும் ஒன்றாகவே இருந்தன. வெளிச்சத்தில் தாராளமாக நடமாட விட்டதும் இரண்டு நாளில் அதுவும் தேறிவிட்டது. தானே அசைந்து, அசைவுக்கு ஏற்பக் காட்சி மாறுவதை உணர்ந்தால்தான் கண் பழகுகிறது. ஹெல்டின் பெயரை நினைவில் வையுங்கள்; மறுபடியும் வருவார்.

ஹூபலும் வீசலும் கண்டதிலிருந்து மருத்துவ உலகில் ஓர் எண்ணம் இறுகிப்போனது. ஏழெட்டு வயதுக்குமேல் பிறவிப் பார்வையின்மைக்குச் சிகிச்சை தந்து பயனில்லை, மூளை கற்கும் காலம் முடிந்துவிட்டது என்பது அந்த எண்ணம். பூனையின் ஒரு கண்ணை மூடிக் கண்டது, இரண்டு கண்ணும் மறைந்த மனிதக் குழந்தைக்கும் அப்படியே பொருந்துமா? மேலை நாடுகளில் இதைச் சோதிக்க வழியில்லை. அங்கே கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவைசிகிச்சை நடந்துவிடுகிறது. இந்தியாவின் கிராமங்களிலோ சிகிச்சையே எட்டாமல் பத்து, பதினைந்து வயதுவரை இருட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பவன் சின்ஹா, டெல்லியில் வளர்ந்தவர். 2000களில் அவர் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், டெல்லியின் டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையோடு சேர்ந்து இத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து இலவசமாக அறுவைசிகிச்சை அளித்தது. முதலில் சிகிச்சை, அதன் பிறகே ஆராய்ச்சி.

இங்கேதான் மாலினியூவின் கேள்விக்கு விடை கிடைத்தது. 8 முதல் 17 வயதுவரையிலான ஐந்து பிள்ளைகள். அறுவைசிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதனை. குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகள் போன்ற எளிய உருவங்கள் இருபது ஜோடி. ஓர் உருவத்தைக் கையில் தந்து, பிறகு அதையும் வேறொன்றையும் தந்து முன்பு தொட்டது எது என்று கையாலேயே கண்டுபிடிக்கச் சொன்னால், 98 விழுக்காடு சரி. ஒன்றைக் கண்ணால் பார்த்து, இரண்டில் அதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கச் சொன்னால், 92 விழுக்காடு சரி. ஆக, கண்ணுக்கு உருவம் துலக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் கையால் தொட்டதைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னபோது 58 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டினாலே 50 கிடைத்துவிடும்!

ஆக லாக் சொன்னதே சரி. கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தானாக வந்துவிடுவதில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. சில நாள் கழித்து மறுபடியும் சோதித்தபோது கையும் கண்ணும் கைகோத்திருந்தன. ஐந்தே நாளில்கூடப் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. யாரும் பயிற்சி தரவில்லை. பிள்ளைகள் வீட்டில் பாத்திரத்தை எடுத்தார்கள், கதவைத் திறந்தார்கள், பார்த்துக்கொண்டே தொட்டார்கள். அவ்வளவுதான். இந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? ராட்டினத்தில் பூனைக்குட்டிகளைப் பூட்டிய அதே ரிச்சர்ட் ஹெல்ட். கட்டுரை வெளியானபோது அவருக்கு 90 நெருங்கிக்கொண்டிருந்தது.

புதிதாகப் பார்வை பெற்றவரின் கண்ணில் உலகம் எப்படி விழுகிறது என்பதும் இந்தத் திட்டத்தில் தெரியவந்தது. 29 வயது இளைஞர் ஒருவருக்குப் பிறவியிலேயே விழியில் வில்லை இல்லை. தகுந்த மூக்குக்கண்ணாடி போட்டதும் முதன்முறையாகக் காட்சி கிடைத்தது. வட்டத்தையும் சதுரத்தையும் தனித்தனியாகக் காட்டினால் பெயர் சொன்னார். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வரைந்து காட்டினால் திணறினார்; கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு துண்டும் அவருக்கு ஒரு தனிப் பொருள். மாட்டின் படத்தில் கரும்புள்ளி ஒன்று, வெண்புள்ளி ஒன்று, நிழல் ஒன்று என்று சிதறல்களே தெரிந்தன. ஆனால் அந்த உருவங்களை நகர்த்திக் காட்டியதும் குழப்பம் நீங்கியது. சேர்ந்து அசைவதெல்லாம் ஒரே பொருள் என்று மூளை பிடித்துக்கொண்டது. மாதங்கள் செல்லச் செல்ல, அசையாத படங்களிலும் பொருள்களைப் பிரித்தறியக் கற்றார்.

எல்லாமே கற்றுக்கொள்வதுதான் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. சமமான இரண்டு கோடுகளின் முனைகளில் அம்புக்குறிகளை உள்ளும் வெளியுமாக வரைந்தால் ஒன்று நீளமாகத் தோன்றும். இது முல்லர்-லையர் மாயை. அறைகளின் மூலைகளையும் தெருக்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய மூளைதான் இதில் ஏமாறுகிறது என்பது கிரெகரி போன்றவர்களின் விளக்கம். 2015இல் பிரகாஷ் திட்டத்தினர், கட்டு அவிழ்த்த கையோடு பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினார்கள். பார்வையுள்ளவர்களைப் போலவே அவர்களும் ஏமாந்தார்கள்! பார்த்துப் பழக அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. அனுபவம் சேர்வதற்கு முன்பே மூளையில் சில ஏற்பாடுகள் தயாராக இருக்கின்றன என்று இதனால் தெரிகிறது.

காலம் தாழ்ந்தால் திரும்பி வராத இழப்புகளும் உண்டு. கூர்மை ஓரளவுக்குமேல் ஏறுவதில்லை. முகம் அறிவதிலும் சிக்கல். கனடாவில் டாப்னி மாரர் குழுவினர், கண்புரையோடு பிறந்து 2 முதல் 6 மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். கண், வாய் ஆகிய உறுப்புகளையே மாற்றிய முகங்களை அவர்கள் எளிதில் பிரித்தறிந்தார்கள். அதே உறுப்புகளின் இடைவெளியை மட்டும் சற்று மாற்றிய முகங்களில் தடுமாறினார்கள். வாழ்க்கையின் முதல் சில மாதங்களில் விட்டுப்போனதை அதன்பின் வந்த ஒன்பது ஆண்டுப் பார்வையாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

பச்சிளங்குழந்தையின் பார்வை மங்கல். நிறமும் சரியாகத் தெரியாது. இதைக் குறை என்றுதான் அறிவியலாளர்கள் கருதிவந்தார்கள். சின்ஹாவின் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுபக்கமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறது. வண்ணப் படங்களில் பொருள்களை நன்றாக அடையாளம் கண்ட பிரகாஷ் பிள்ளைகள், அதே படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் சறுக்கினார்கள். பிறந்ததுமுதல் பார்வையுள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சறுக்கல் இல்லை. அறுவைசிகிச்சை முடிந்த நொடியிலேயே முழு வண்ணமும் கிடைத்துவிட்ட மூளை நிறத்தையே அதிகமாக நம்பப் பழகிவிடுகிறது. கைக்குழந்தையோ முதலில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே பொருளை அறியக் கற்று, நிறத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறது. குறையென்று நாம் நினைத்த அந்த மங்கலே ஒரு பாடத்திட்டமாக இருக்கலாம் என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம்.

பார்வையே வராதபோது அந்த மூளைப்பகுதி என்ன செய்கிறது என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். சும்மா கிடப்பதில்லை. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் எழுத்துகளைத் தடவிப் படிக்கும்போது பின்மண்டையின் பார்வைப் பகுதி இயங்குகிறது என்று நோரிஹிரோ சதாதோ குழுவினர் 1996இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி அந்தப் பகுதியைக் கணநேரம் குழப்பினால், விரல் எழுத்துகளைத் தவறாகப் படிக்கிறது என்றும் தெரிந்தது. பார்வைக்கு ஒதுக்கிய இடத்தை விரல் எடுத்துக்கொண்டிருக்கிறது. காலம் கடந்து கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது, மூளைக்குள் ஏற்கெனவே குடியேறியவர்களோடு அது இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சாட்சியங்களும் சேர்ந்து இரண்டு தீர்ப்புகளைத் தருகின்றன. ஒன்று, 'வயதாகிவிட்டது, இனிப் பயனில்லை' என்று ஒரு பிள்ளையைத் திருப்பியனுப்புவது தவறு. பதினைந்து வயதிலும் மூளை பார்க்கக் கற்கிறது. மற்றொன்று, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு கைக்குழந்தையைக் காக்கவைப்பது அதைவிடப் பெரிய தவறு. அடர்ந்த பிறவிக் கண்புரையை முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அகற்றுவதே சிறந்தது என்கிறது கண் மருத்துவம்.

தடுக்கும் வழியும் நம் கையில் இருக்கிறது. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும் என்று 1941இலேயே சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். தென்னிந்தியக் குழந்தைகளின் கண்புரைக்கான காரணங்களை மதுரையில் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு ரூபெல்லாவே காரணம் என்று தெரிந்தது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் இந்தியாவில் தொடங்கியபோது, முதல் கட்டத்திலேயே இடம்பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அன்று வதந்திகளைக் கேட்டுத் தயங்கிய பெற்றோரும் இருந்தார்கள். அந்த ஊசி பிள்ளையின் உடலில் அம்மையைத் தடுப்பதோடு, இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் பார்வையையும் காக்கிறது.

ஆகவே இந்த அவையில் உள்ள பெற்றோரிடமும், அங்கன்வாடிப் பணியாளர்களிடமும், ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, ஒன்றரை வயது வாக்கில் மற்றொரு தவணை என்று தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். குழந்தையின் கண் பாப்பா வெண்மையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, மூன்று மாதம் ஆகியும் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ, அந்த வாரமே கண் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.